போலிச் செய்தியில் எது போலி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொய்ச் செய்தி என்றால் பொய்ச் செய்திதானே, அதில் என்ன வகை?

வகை தெரிந்தால்தான் எதைச் சரிபார்ப்பது என்று தெரியும். படம் பொய்யா, படத்துக்குக் கீழே எழுதியது பொய்யா, மேலே இருக்கும் லோகோ பொய்யா, இல்லை எல்லாம் உண்மையாக இருந்து தேதி மட்டும் பொய்யா? ஒவ்வொன்றுக்கும் தேட வேண்டிய இடம் வேறு. "வீடியோ ஒரிஜினல்தான், எடிட் எதுவும் இல்லை" என்று குரூப்பில் ஒருவர் சத்தியம் செய்வார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கும். ஆனால் வீடியோ வேறு நாட்டில், ஐந்து வருஷத்துக்கு முன்னால் எடுத்ததாக இருக்கும்.

கிளேர் வார்டில் என்ற ஆய்வாளர் 2017-இல் இதை ஏழாகப் பிரித்தார்: நையாண்டி, உள்ளே இருப்பதோடு ஒட்டாத தலைப்பு, பாதி உண்மையை வைத்துத் திசைதிருப்புவது, உண்மையான படத்தை வேறு கதைக்குப் பயன்படுத்துவது, அடுத்தவர் பெயரில் வருவது, வெட்டித் திருத்தியது, முழுக்க இட்டுக்கட்டியது. கீழே வருவது ஏறக்குறைய இந்தப் பட்டியல்தான். ஆனால் ஏழுக்கும் ஒரே அளவு இடம் தரப்போவதில்லை, ஏனென்றால் நம்மிடம் வருவதில் ஏழும் ஒரே அளவில் இல்லை.

தெரியாமல் அனுப்பினாலும் குற்றமா? என் மாமா நல்ல மனசோடுதான் அனுப்புகிறார்.

மாமாவையும் அதைத் தயாரித்தவரையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம். பொய் என்று தெரியாமல் பரப்புவது ஒன்று, தெரிந்தே கிளப்பிவிடுவது இன்னொன்று. வார்டிலும் ஹொசைன் தெரக்ஷானும் ஐரோப்பிய கவுன்சிலுக்காக 2017-இல் எழுதிய அறிக்கையில் மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்தார்கள்: தகவல் உண்மை, ஆனால் ஒருவரைக் கெடுப்பதற்காகவே வெளியே விடுவது. ஒரு பெண்ணின் செல்போன் எண்ணையும் வீட்டு முகவரியையும் பொதுவில் போடுவது அந்த ரகம். அதில் பொய் ஒன்றும் இல்லை, அதனால் ஃபேக்ட் செக் செய்து ஒன்றும் ஆகாது, ரிப்போர்ட் செய்து எடுக்க வைக்கத்தான் வேண்டும்.

ஆனால் ஒன்று, கெட்ட எண்ணத்தோடு ஒருவர் செய்ததை நல்ல எண்ணத்தோடு நூறு பேர் அனுப்புவதால்தான் அது ஊர் முழுக்கப் போகிறது. மாமா இல்லாமல் அவர்கள் பிழைப்பு ஓடாது.

நையாண்டியையும் போலிச் செய்தியில் சேர்ப்பது கொஞ்சம் ஓவர் இல்லையா?

எழுதியவரைப் பொறுத்தவரை ஓவர்தான். படிப்பவரைப் பொறுத்தவரை இல்லை. அமெரிக்காவின் 'தி ஆனியன்' முழுக்க முழுக்கப் பகடிப் பத்திரிகை. 2012-இல் உலகின் மிகக் கவர்ச்சியான ஆண் வடகொரியாவின் கிம் ஜோங் உன்தான் என்று அதில் எழுதினார்கள். சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் 'மக்கள் நாளிதழ்' இணையதளம் அதை அப்படியே நம்பி, 55 படங்கள் போட்டுச் செய்தி வெளியிட்டது! பெரிய பத்திரிகைக்கே அந்த நிலை என்றால், ஸ்கிரீன்ஷாட்டாக நம் கைக்கு வரும்போது சொல்லவே வேண்டாம். மூலப் பக்கத்தில் "இது நகைச்சுவைப் பக்கம்" என்று எழுதியிருக்கும், ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது அந்த வரி வெட்டுப்பட்டுவிடும். அதோடு நக்கல் செத்தது, செய்தி மட்டும் உயிரோடு சுற்றும்.

உண்மையான வீடியோ எப்படிப் போலிச் செய்தி ஆகும்?

இதுதான் இந்தப் பக்கத்தில் முக்கியமான கேள்வி. நான் பார்த்தவரை ஆட்களைக் கொல்லும் அளவுக்குப் போனவை பெரும்பாலும் இந்த வகைதான்.

2018-இல் இந்தியா முழுக்கச் சுற்றிய பிள்ளை பிடிப்பவர்கள் வீடியோ நினைவிருக்கும். தெருவில் சிறுவர்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள், பைக்கில் இரண்டு பேர் வருகிறார்கள், ஒரு பிள்ளையை அள்ளிக்கொண்டு பறக்கிறார்கள். சிசிடிவி காட்சி மாதிரியே இருக்கும். அது பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைகள் காணாமல் போவதைப் பற்றிய விழிப்புணர்வுக்காக எடுத்த விளம்பரப் படம். முழுப் படத்தில் அந்த பைக் ஆட்களே திரும்பி வந்து பிள்ளையை இறக்கிவிட்டு, கராச்சித் தெருவில் ஒரு குழந்தையைக் கடத்த ஒரு நொடி போதும் என்ற பொருளில் எழுதிய அட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள். அந்தக் கடைசிச் சில நொடிகளை யாரோ வெட்டி எடுத்தார்கள். வேறெதையும் தொடவில்லை. மிச்சத்தை வாய்ஸ் மெசேஜ்கள் பார்த்துக்கொண்டன: வடக்கே இருந்து கும்பல் இறங்கியிருக்கிறது, பிள்ளைகளை வெளியே விடாதீர்கள், எல்லோருக்கும் பகிருங்கள்.

அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குக் காரில் போன சென்னைக் குடும்பம் ஒன்று வழி கேட்க நின்றது. காரில் இருந்த 65 வயது அம்மா அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அதைப் பார்த்த ஊர் கூடி அடித்ததில் அவர் இறந்துபோனார், கூட வந்தவர்களும் படுகாயம் அடைந்தார்கள். அதே வருஷம் ஜூலை 1-ஆம் தேதி மகாராஷ்டிராவில் தூலே மாவட்டம் ரெயின்பாடாவில் இதே வதந்தியால் ஐந்து பேரை அடித்துக் கொன்றார்கள்.

இலங்கையில் அதே 2018 பிப்ரவரியில் அம்பாறையில் நடந்ததையும் பாருங்கள். ஒரு சாப்பாட்டுக் கடையில் உணவில் ஏதோ கட்டி இருந்தது. சிங்களவர்களுக்குப் பிள்ளை பிறக்காமல் செய்ய மாத்திரை கலக்கிறார்கள் என்று அப்போது ஒரு வதந்தி ஓடிக்கொண்டிருந்தது. கடையில் இருந்தவர் தமிழ் பேசும் முஸ்லிம், சிங்களம் சரியாக வராது. சூழ்ந்துகொண்டு கத்துகிற கூட்டம் என்ன கேட்கிறது என்று புரியாமல் ஆமாம் என்பது போல் ஏதோ சொன்னார். அதை வீடியோ எடுத்து, குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டான் என்று பரப்பினார்கள். கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பிறகு சோதித்ததில் அது மாவுக் கட்டி. உணவில் கலந்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது. அடுத்த வாரம் கண்டிப் பக்கம் கலவரம் வெடித்தபோது இந்தக் கதையும் கூடவே சுற்றியது, அரசு அவசரநிலை அறிவித்து ஃபேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் சில நாட்கள் முடக்கியது. அந்தக் கலவரத்தில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக 2020-இல் ஃபேஸ்புக் மன்னிப்புக் கேட்டது.

இந்த இரண்டு வீடியோவையும் எந்தத் தொழில்நுட்பத்தில் போட்டுப் பார்த்தாலும் 'போலி' என்று வராது. மனிதர்கள், தெரு, குரல் எல்லாம் நிஜம். எங்கே, எப்போது, எதற்காக என்ற மூன்றில்தான் பொய்.

2023-இல் பீகார் தொழிலாளர்கள் விஷயத்தில் நடந்ததும் இதுதானா?

பாதி இது, பாதி வேறு. தமிழ்நாட்டில் வட மாநிலத் தொழிலாளர்களைத் தேடித் தேடி அடிக்கிறார்கள் என்று அந்த மார்ச் தொடக்கத்தில் வீடியோக்கள் கிளம்பின. அவற்றில் சில ராஜஸ்தானிலும் மற்ற இடங்களிலும் நடந்த கொலைகள், சில இங்கேயே உள்ளூர் கோஷ்டிகளுக்குள் நடந்த வெட்டுக்குத்து. அது வேறு கதைக்கு ஒட்டிய வகை. அப்புறம் அடிபட்ட தொழிலாளர்கள் கட்டுப் போட்டுக்கொண்டு பேசுவது போல ஒரு வீடியோ வந்தது. அது பாட்னாவிலேயே ஒரு வீட்டில் நடிக்க வைத்து எடுத்தது என்று பீகார் போலீஸ் கண்டுபிடித்தது, அது முழுக்க இட்டுக்கட்டிய வகை. அந்த விவகாரத்தில் ஒரு யூடியூபர் கைதும் ஆனார்.

எனக்கு அதில் ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது ரயில் நிலையப் படங்கள். திருப்பூரிலும் கோவையிலும் பிளாட்பாரம் நிரம்பி வழிந்தது உண்மை. அந்த வாரம் ஹோலி. வருஷா வருஷம் ஹோலிக்கு ஊருக்குப் போகும் கூட்டம் அது, அதோடு இந்த வதந்தியைக் கேட்டுப் பயந்து நிஜமாகவே கிளம்பியவர்களும் கலந்திருந்தார்கள். பொய்யைக் கேட்டுப் பயந்தவர்களின் படமே அந்தப் பொய்க்கு ஆதாரமாகிவிட்டது. பீகார் அரசு அதிகாரிகள் குழுவை இங்கே அனுப்பி, தொழிலாளர்களிடமே பேச வைத்த பிறகுதான் அடங்கியது.

டிவி சேனல் லோகோவோடு நியூஸ் கார்டு வருகிறதே, அதையுமா நம்பக் கூடாது?

தமிழில் அதிகம் ஓடும் சரக்கே இதுதான். புதிய தலைமுறை, தந்தி, சன் என்று எந்தச் சேனலின் கார்டையும் எடுத்து, தலைவர் படத்தை அப்படியே விட்டு, வாசகத்தை மட்டும் மாற்றிவிடுகிறார்கள். செல்போனிலேயே சில நிமிஷ வேலை. தேர்தல் வந்தால் ஒரு தலைவர் வாழ்க்கையில் சொல்லாததையெல்லாம் ஒரே வாரத்தில் சொல்லி முடித்துவிடுவார்.

கார்டைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்துரு அந்தச் சேனல் வழக்கமாகப் போடுவதா? ஒற்றுப்பிழை, ஒருமை பன்மைக் குழப்பம் இருக்கிறதா? (சேனல்காரர்களும் பிழை விடுகிறார்கள்தான், அதனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம்.) பழைய வாசகத்தை அழித்த இடத்தில் பின்னணி நிறம் திட்டாகத் தெரிகிறதா? தேதியும் நேரமும் இருந்தால் வேலை சுலபம், அந்தச் சேனலின் அதிகாரபூர்வப் பக்கத்தில் அதே தேதிக்குப் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் அசல் கார்டே கிடைக்கும், அதில் வேறு வாசகம் இருக்கும். தேதியே இல்லாத கார்டு என்றால் சந்தேகப்பட அதுவே ஒரு காரணம்.

யூடியூப் தம்ப்நெய்லில் வரும் "பிரபல நடிகர் மரணம்?" எந்த வகை?

தலைப்பும் உள்ளே இருப்பதும் ஒட்டாத வகை. அந்தக் கேள்விக்குறிதான் அவர்களுடைய வக்கீல். உள்ளே போனால் நடிகர் நன்றாக இருப்பார், படத்தில் வரும் மரணக் காட்சியைப் பற்றி எட்டு நிமிஷம் இழுத்திருப்பார்கள். கவுண்டமணியை இந்த இணையம் எத்தனை முறை கொன்றிருக்கிறது! இதில் அரசியல் எதுவும் இல்லை, கிளிக்குக்கு விளம்பரக் காசு, அவ்வளவுதான். இந்த வகைக்கு இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

புள்ளிவிவரத்தோடு வந்தால் நம்பலாம் அல்லவா?

எண் உண்மையாகவே இருக்கட்டும், எதோடு ஒப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். போன வருஷம் இரண்டு திருட்டு நடந்த ஊரில் இந்த வருஷம் நான்கு நடந்தால் "திருட்டு 100 சதவீதம் உயர்வு" என்று எழுதலாம், பொய் கிடையாது. வரைபடத்தின் அடிக்கோட்டைச் சுழியில் தொடங்காமல் 90-இல் தொடங்கினால் 92-க்கும் 96-க்கும் நடுவில் மலையே தெரியும். பேட்டியில் ஒருவர் "சிலர் இப்படிச் சொல்கிறார்கள், எனக்கு உடன்பாடில்லை" என்று பேசியிருப்பார், பின்பாதியை வெட்டிவிட்டால் அவரே அப்படிச் சொன்ன மாதிரி ஆகிவிடும். இந்தத் திசைதிருப்பும் வகையில் படித்தவர்கள்தான் அதிகம் விழுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம், எண்ணைப் பார்த்ததும் நமக்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது.

முழுக்க முழுக்க இட்டுக்கட்டுவது யார்? அவர்களுக்கு என்ன லாபம்?

ஒன்று காசு, இல்லையென்றால் அரசியல், இரண்டும் இல்லையென்றால் பெருமை.

காசுக்கு நல்ல உதாரணம் மாசிடோனியாவின் (இப்போது வட மாசிடோனியா) வெலெஸ் என்ற சின்ன ஊர். 2016 அமெரிக்கத் தேர்தல் நேரத்தில் அங்கிருந்த பையன்கள் நூற்றுக்கும் மேற்பட்ட இணையதளங்கள் நடத்தினார்கள், பெரும்பாலும் டிரம்ப் ஆதரவுக் கதைகள். அவர்களுக்கு டிரம்ப் மேல் பாசம் எதுவும் இல்லை, எது ஓடுகிறதோ அதை எழுதினார்கள், கூகுள் விளம்பரக் காசு வந்தது. போப் பிரான்சிஸ் டிரம்பை ஆதரிக்கிறார் என்று அந்தத் தேர்தலில் பெரிதாக ஓடிய செய்தியும் வேறொரு தளம் ஒன்றுமில்லாததில் இருந்து எழுதியதுதான்.

பெருமைக்கு உதாரணம் நம் ஊரிலேயே உண்டு. திருநள்ளாறு சனீஸ்வரர் கோயிலைக் கடக்கும்போது செயற்கைக்கோள்கள் மூன்று நொடி நின்றுவிடுகின்றன, நாசா விஞ்ஞானிகளே வியந்துபோனார்கள் என்பது பல வருஷமாகச் சுற்றுகிறது. பூமிக்கு அருகில் சுற்றும் செயற்கைக்கோள் நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் போகிறது, அந்த வேகம்தான் அதைக் கீழே விழாமல் வைத்திருக்கிறது. நாசா அப்படி எதுவும் சொன்னதில்லை. கோயிலுக்குப் போகிறவர்களுக்கு நாசாவின் சான்றிதழ் எதற்கு என்பதும் எனக்குப் புரிந்ததில்லை. 2016 நவம்பரில் புது 2000 ரூபாய் நோட்டில் சிப் இருக்கிறது, பூமிக்குள் 120 மீட்டர் ஆழத்தில் புதைத்தாலும் சிக்னல் வரும் என்றார்கள். சில இந்தி டிவி சேனல்களே அதை நிகழ்ச்சியாகப் போட்டன. ரிசர்வ் வங்கி மறுத்தது. பேட்டரி எங்கே இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை.

ஏஐ மூலம் ஒருவர் முகத்தையோ குரலையோ போலியாக உருவாக்கும் டீப்ஃபேக் வந்த பிறகு இனி கண்ணையே நம்ப முடியாது என்கிறார்களே?

கொஞ்சம் பொறுங்கள். பழைய வித்தைகளே இன்னும் நன்றாக ஓடுகின்றன. 2019-இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைத் தலைவர் நான்சி பெலோசி குடித்துவிட்டு உளறுவது போல ஒரு வீடியோ லட்சக்கணக்கில் பார்க்கப்பட்டது. அதில் ஏஐ கிடையாது, ஓட்டத்தின் வேகத்தை ஏறக்குறைய முக்கால்வாசியாகக் குறைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

டீப்ஃபேக் வீடியோவை விட எனக்குக் குரல் பதிவு மேல்தான் பயம் அதிகம். 2023 செப்டம்பரில் ஸ்லோவாக்கியாவில் வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்னால், 'முற்போக்கு ஸ்லோவாக்கியா' கட்சித் தலைவர் மிஹால் ஷிமெச்கா ஒரு பத்திரிகையாளரோடு தேர்தலில் தில்லுமுல்லு செய்வதைப் பற்றிப் பேசுவது போல ஆடியோ வந்தது. பிரசாரம் முடிந்து ஊடகங்கள் வாய்மூடி இருக்க வேண்டிய நேரம் பார்த்து விட்டார்கள், மறுப்பு பரவ நேரமே இல்லை. அவர் கட்சி இரண்டாம் இடத்துக்கு வந்தது. ஆடியோவால்தான் தோற்றார் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் குரலில் உதட்டசைவு பிசகுவதில்லை, ஏஐ படங்களில் போல விரல் ஆறாவதில்லை, பார்த்துக் கண்டுபிடிக்க எதுவுமே இல்லை என்பதுதான் சிக்கல்.

ஏஐயில் செய்ததெல்லாம் போலிச் செய்தி என்றும் சொல்லிவிட முடியாது. 2018-இல் மறைந்த கருணாநிதியை 2024 ஜனவரியில் திமுக மேடைத் திரையில் ஏஐ மூலம் பேச வைத்தார்கள். பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம், ஆனால் யாரையும் ஏமாற்றவில்லை, அவர் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அமைச்சரோ தொழிலதிபரோ "இந்த ஆப்பில் 21,000 ரூபாய் போடுங்கள், மாசம் லட்சம் வரும்" என்று சொல்லும் ஃபேஸ்புக் விளம்பரம் இருக்கிறதே, அது மோசடி. அதில் பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள், எவ்வளவு சீக்கிரம் செய்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

உண்மையை விடப் பொய் ஏன் இவ்வளவு வேகமாகப் பரவுகிறது?

ஏனென்றால் அது புதுசாக இருக்கிறது. எம்ஐடி ஆய்வாளர்கள் 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் ஓடிய சுமார் 1,26,000 கதைகளை எடுத்துப் பார்த்து 2018-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். உண்மைச் செய்தியை விடப் பொய்ச் செய்தி மறுபகிர்வு பெறும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம், 1,500 பேரைச் சென்றடைய உண்மைக்கு ஆன நேரத்தில் ஆறில் ஒரு பங்குதான் பொய்க்குத் தேவைப்பட்டது. ரோபோ கணக்குகள்தான் காரணம் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள், பார்த்தால் அவை உண்மையையும் பொய்யையும் ஒரே மாதிரித்தான் பரப்பியிருந்தன. வித்தியாசம் மனிதர்களால் வந்தது.

வாட்ஸ்அப் 2018 கொலைகளுக்குப் பிறகுதான் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வைத்தது. 2020 ஏப்ரலில் இரட்டை அம்புக்குறி போட்ட மெசேஜை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்குத்தான் அனுப்பலாம் என்றாக்கியது. அந்த இரட்டை அம்புக்குறிக்கு அர்த்தம், உங்களிடம் வருவதற்குள் குறைந்தது ஐந்து கை மாறிவிட்டது என்பது. "என் நண்பரின் அண்ணன் நேரில் பார்த்தாராம்" என்று தொடங்கும் மெசேஜில் அந்தக் குறி இருந்தால், அந்த நண்பர் யாருடைய நண்பர் என்று அனுப்பியவருக்கே தெரியாது.

சரி, கையில் செல்போன்தான் இருக்கிறது. எப்படிச் சரிபார்ப்பது?

முதலில் எந்தப் பகுதி பொய்யாக இருக்கலாம் என்று யோசியுங்கள். படம் என்றால் கூகுள் லென்ஸில் போடுங்கள், எடிட் ஆகியிருக்கிறதா என்பதை விட இதற்கு முன் எப்போது வந்தது என்று பாருங்கள். வீடியோ என்றால் கடைப் பலகை, வண்டி நம்பர் பலகை, போலீஸ் சீருடை தெரியும் இடத்தில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதையே தேடுங்கள். சத்தத்தை வைத்து ஒரு தடவை கேளுங்கள், பின்னால் நிற்பவர்கள் பேசும் மொழி எது என்பதிலேயே பல வீடியோக்கள் மாட்டிக்கொள்ளும், அதனால்தான் பலதில் சத்தத்தை எடுத்துவிட்டுச் சினிமாப் பாட்டைப் போட்டிருப்பார்கள். ஒரு தலைவர் சொன்னதாக வந்தால் அதே வரியை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள், அவ்வளவு பெரிய விஷயத்தை ஒரே ஒரு கார்டு மட்டும் சொல்லி வேறு எந்தப் பத்திரிகையும் எழுதாமல் இருக்காது.

எதுவும் கிடைக்கவில்லையா? அப்படியே விட்டுவிடுங்கள். ஃபார்வர்டு செய்யாவிட்டால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

ஃபேக்ட் செக் செய்கிறவர்களையே நம்பலாமா? அவர்களும் ஒரு பக்கம்தானே?

நியாயமான சந்தேகம். தமிழில் யூடர்ன், தேசிய அளவில் ஆல்ட் நியூஸ், பூம் போன்றவை இருக்கின்றன. 2023-இல் தமிழ்நாடு அரசு தகவல் சரிபார்ப்பகம் என்று ஒன்றைத் தொடங்கியது, மத்திய அரசுக்கு பிஐபி (பத்திரிகைத் தகவல் அலுவலகம்) ஃபேக்ட் செக் இருக்கிறது. அரசே தன்னைப் பற்றிய செய்தியில் எது பொய் என்று முடிவு செய்வதில் ஒரு சங்கடம் உண்டு. தன்னைப் பற்றிய செய்திகளைப் போலி என்று முத்திரை குத்தவும், சமூக ஊடகங்கள் அதன்படி நடக்கவும் வழி செய்து மத்திய அரசு 2023-இல் ஐடி விதிகளில் கொண்டுவந்த திருத்தத்தை பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ரத்து செய்தது. யார் செய்தாலும் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: "இது பொய்" என்று முத்திரை மட்டும் குத்தியிருக்கிறார்களா, அல்லது மூல வீடியோவின் லிங்க், தேதி, இடம் எல்லாம் கொடுத்து நீங்களே போய்ப் பார்க்கும்படி வைத்திருக்கிறார்களா?

ஃபார்வர்டு செய்தால் போலீஸ் பிடிக்குமா?

பிடிக்க வழி இருக்கிறது. பயத்தையோ மக்களுக்குள் பகையையோ மூட்டும் நோக்கில் பொய்த் தகவலோ வதந்தியோ பரப்பினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 353-ஆவது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 505. ஐடி சட்டத்தின் 66ஏ பிரிவு என்று இன்னமும் சிலர் மிரட்டுவார்கள், அதை உச்ச நீதிமன்றம் 2015-லேயே ரத்து செய்துவிட்டது.

எல்லாவற்றையும் சந்தேகப்பட்டால் உண்மையான செய்தியும் தப்பிவிடாதா?

தப்பும். 2015 சென்னை வெள்ளத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலை முதலைப் பண்ணையில் இருந்து முதலைகள் தப்பி ஊருக்குள் வந்துவிட்டன என்று ஒரு புரளி ஓடியது. பண்ணை நிர்வாகம் மறுத்தது, ஒன்றும் தப்பவில்லை. எட்டு வருஷம் கழித்து 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் பெருங்களத்தூர் பக்கம் ராத்திரி சாலையைக் கடக்கும் முதலை என்று ஒரு வீடியோ வந்தது. பழைய கதை தெரிந்தவர்களுக்கு அதைப் பார்த்ததும் சிரிப்புதான் வந்திருக்கும். ஆனால் அது நிஜ முதலை. சென்னையைச் சுற்றியுள்ள சில ஏரிகளில் சதுப்பு நில முதலைகள் இருக்கின்றன, வெள்ளத்தில் ஒன்று வெளியே வந்திருக்கிறது, பக்கத்தில் போகாதீர்கள் என்று வனத்துறை தரப்பில் அன்றே சொன்னார்கள்.